வண்டி நிற்குமா? வாயில் திறக்குமா?

நீதிமன்றக் காட்சி என்றால் தமிழகத்துக்குத் தனிச்சுவை. 1949-இல் திரைக்கு வந்த அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் ஆனந்தன் வழக்கறிஞன் வடிவில் வந்து வாதாடினான். 1952-இல் வந்த கலைஞரின் ‘பராசக்தி’யில் குணசேகரன் குற்றவாளிக் கூண்டில் நின்று நாட்டையே குற்றவாளியாக்கினான். கொட்டகைகள் அதிர்ந்தன. கேட்டவர் வீடு திரும்பும்போது அவர் நெஞ்சில் கேள்விகள் குடியேறியிருந்தன. கோயில் மண்டபத்தில் இடம் கிடைக்காதவன், பண்ணையார் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவன், நீதிமன்றத்தில் நிமிர்ந்து நிற்கலாம், நெஞ்சிலுள்ளதைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையை அக்காட்சிகள் விதைத்தன. அந்த விதைக்கு நாம் என்றும் நன்றியுடையோம்.

ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனந்தன் வழக்கறிஞன் ஆனது எப்படி? மாறுவேடத்தால்! அவன் எந்தச் சட்டக் கல்லூரியில் பயின்றான், எந்த வண்டியேறிப் போனான், கட்டணம் கட்டியது யார், பாடம் புரியாதபோது துணை நின்றது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் காலமும் அதுவன்று. அன்று தேவைப்பட்டது முழக்கம். முழக்கம் முடிந்து, பள்ளிகள் பெருகி, இடஒதுக்கீடு நிலைபெற்று, குடிசையிலிருந்து ஒரு பிள்ளை உண்மையாகவே சட்டம் படிக்கக் கிளம்புகின்ற காலம் வந்த பிறகு அந்தக் கேள்வி எழத்தானே வேண்டும்? மாறுவேடமின்றி, தன் பெயரோடும் தன் ஊரோடும் தன் தகப்பனோடும் புறப்படுகிறவனுக்கு வழி எப்படி இருக்கிறது?

இந்தக் கேள்வியைத் திரையில் எழுப்பியவர் இயக்குநர் மாரி செல்வராஜ். 2018-இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’, 2021-இல் வந்த ‘கர்ணன்’ ஆகிய இரண்டையும் தனித்தனியே பாராட்டியோர் பலர். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோர் சிலர். நாம் ஒன்றாக வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று பேருந்தைப் பற்றிய படம். மற்றது கல்லூரியைப் பற்றிய படம். வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இடையே ஒரு பிள்ளை கடக்க வேண்டிய வழியின் முதற்பாதி ‘கர்ணன்’. மறுபாதி ‘பரியேறும் பெருமாள்’. பின்னது முன்னே வந்தது, அவ்வளவே.

நிற்காத வண்டி

‘கர்ணன்’ காட்டும் பொடியன்குளத்துக்குப் பேருந்து நிறுத்தம் கிடையாது. வண்டி வரும், போகும், நிற்காது. வலிப்பு வந்த சிறுமி நடுச்சாலையில் கிடந்து துடிக்கிறாள், வண்டிகள் விலகிப் போகின்றன, அவள் மடிகிறாள். அந்த மரணத்தோடுதான் படமே தொடங்குகிறது. பின்னர் கல்லூரியில் சேர விரும்பும் பெண்ணொருத்தி தகப்பனோடு புறப்படுகிறாள். தன் ஊரில் வண்டி நிற்காதாகையால் அடுத்த ஊர் மேலூரின் நிறுத்தத்துக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே அவளுக்குக் கிடைப்பது இழிசொல். கேட்கப்போன தகப்பனுக்குக் கிடைப்பது அடி. பட்டப் படிப்புக்குப் புறப்பட்ட பெண் பேருந்து நிறுத்தத்தோடு திரும்புகிறாள்.

இது கதைக்காகக் கட்டிய மிகையன்று. 1995 சூலையில் வீரசிகாமணியில் ஒடுக்கப்பட்ட குடிப் பள்ளி மாணவர்க்கும் பேருந்து ஓட்டுநருக்கும் எழுந்த தகராறு தென்மாவட்டக் கலவரமாக மூண்டது. அவ்வாண்டு ஆகசுட்டு 31-இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து செய்த அழிவு, அந்நாளைய வரலாற்றில் அழியாத கறை. பள்ளிப் பிள்ளையின் பயணத்தில் பிறந்த தீ ஊரையே எரித்தது.

இரண்டே ஆண்டில் மற்றொன்று. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கனார் பெயர் சூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த வீரனின் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றனர் சிலர். கல்லெறியும் கலவரமும் எழுந்தன. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டன. பெயர் சூட்டியதும் கழக ஆட்சி. நீக்கியதும் அதே கழக ஆட்சி. இதை எழுதும்போது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அது பகுத்தறிவாகாது. வண்டியின் பலகையில் இருந்த பெயர் போயிற்று. அப்பெயரைப் பார்த்து ஏற மறுத்த மனம் போயிற்றா?

போகவில்லை என்பதற்குச் சான்று வேண்டுவோர் 2025 மார்ச்சு மாதத்தை நினைக்கட்டும். தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனை, வண்டியை மறித்து, கீழே இழுத்து, விரல்கள் துண்டாக வெட்டினர். எழுதப் போன கையை வெட்டினர், தோழர்களே! அந்தக் கை எழுத இருந்தது விடைத்தாளில்.

இவ்வழியின் கொடுமை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. அறிவர் அம்பேத்கர் தம் சிறுவயது நினைவாக எழுதி வைத்த ஒரு பயணம் உண்டு. 1901-இல், தகப்பனாரைக் காணப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் என்னும் நிலையத்தில் இறங்கினர். எந்தச் சாதி என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. இருமடங்கு கூலி தந்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் உடன் வந்தார். பிற்காலத்தில் இந்திய அரசமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் முதற்பாடம் நீதிமன்றத்தில் நடக்கவில்லை. வண்டி நிலையத்தில் நடந்தது. மாட்டுவண்டிக்குப் பதில் பேருந்து வந்திருக்கிறது. ஏற்றலாமா கூடாதா என்னும் கேள்வி மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

‘பரியேறும் பெருமாள்’ படத்திலும் பேருந்து வருகிறது. படிக்கட்டில் தொங்கிச் செல்லும் இளைஞன் ஒருவனை, பக்கத்தில் நிற்கும் முதியவர் ஒருவர் எவரும் அறியாமல் சாகடிக்கிறார். பார்ப்போர்க்கு அது விபத்து. முதியவருக்கு அது குலக்கடமை! ஓடும் வண்டி, தண்டவாளம், ஆற்றுநீர் என்று மனிதர் கடந்து செல்லும் வழிகளையே கொலைக்களமாக்குகிறார் அவர். காதலித்தவர், கலந்து பழகியவர், கல்வி கற்கச் சென்றவர் வழியிலேயே முடிந்து போகிறார்கள். நாளிதழில் ‘விபத்து’, ‘தற்கொலை’ என்று இரண்டு வரி வருகிறது. இப்பாத்திரத்தைப் படைத்ததில் இயக்குநர் காட்டிய துணிவைக் கலையுலகம் இன்னும் முழுதாக அளந்து பார்க்கவில்லை என்றே கருதுகிறோம். முறுக்கிய மீசையும் சிவந்த விழியும் கொண்ட வில்லனைக் கண்டு பழகிய நமக்கு, வீட்டுத் தாத்தா போன்ற ஒருவரைக் காட்டி, சாதி எத்தனை சாதுவாக நடமாடும் என்பதை உணர்த்திவிட்டார்.

வகுப்பறையின் உள்ளே

வழியைக் கடந்து வாயிலை அடைந்தவன் பரியன். புளியங்குளத்துப் பிள்ளை, அது இயக்குநர் பிறந்த ஊரின் பெயரும்கூட. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேர்கிறான். அரசு சட்டக் கல்லூரி அந்நகருக்கு வந்தது 1996-இல்தான். சென்னையிலோ 1891-லேயே தொடங்கியாயிற்று. நூறாண்டுக்கு மேல் தாமதித்து வந்த வாயிலில் நுழைகின்ற முதல் தலைமுறையின் உருவம் அவன். எதிர்காலத்தில் யாராக வேண்டும் என்றால் அம்பேத்கரைப் போல் ஆக வேண்டும் என்கிறான். குதிரையேறும் கடவுளின் பெயர் அவனுக்கு. ஆங்கிலமோ அவனைத் தூக்கியெறியும் முரட்டுக் குதிரையாக இருக்கிறது!

பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பரியன் விழிக்கிறான், வகுப்பு சிரிக்கிறது. பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு இந்தக் காட்சி கசப்பாக இருந்தது. தமிழில் தெளிவாகச் சிந்திக்கும் பிள்ளை, பிறமொழிச் சொல்லொன்றில் இடறியதும் மூடனாகிவிடுகிறான். அவன் அறிவு குறைந்ததா? இல்லை. அளக்கும் படி மாறிவிட்டது.

அப்போது உதவிக்கு வருகிறாள் ஜோதி மகாலட்சுமி. தூய நெஞ்சினள், எதையும் எதிர்பாராமல் கற்றுத் தருகிறாள். படிப்பு நட்பாகிறது, நட்பு அவள் மனத்தில் அன்பாகிறது. அவள் வீட்டுத் திருமணத்துக்கு அழைக்கிறாள். போனவனை அவள் உறவினர் அறைக்குள் அடைத்து அடிக்கின்றனர். அவன்மேல் சிறுநீர் கழிக்கின்றனர். அவமானத்தைச் சுமந்தபடி திரும்புகிறவன் அதை அவளிடமும் சொல்லவில்லை.

இங்கேதான் நாம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். திறனாய்வாளர் பலர் இதனைக் காதற் கதையாகக் கண்டனர்; காதல் மறுக்கப்பட்ட கதையாகவும் கண்டனர். நாம் காண்பது வேறு. ஒரு மாணவனுக்கு ஆங்கிலம் புரியவில்லை. இதற்கு மருந்து தரவேண்டியது யார்? கல்லூரி. மாலையில் ஒரு மணி நேரம் துணைவகுப்பு, தமிழில் ஒரு பாடநூல், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர், இவ்வளவே வேண்டும். கல்லூரி தராததால் தோழி தந்தாள். தோழி தந்ததால் உறவினர் சினந்தனர். உறவினர் சினந்ததால் உயிருக்கே உலை வந்தது. நிறுவனம் செய்யத் தவறிய கடமையைத் தனிமனித அன்பு செய்யப் புகுந்தது. அந்த அன்பின் விலையை மாணவன் தன் உடம்பால் கட்டினான். படத்தின் சோகம் காதலில் தொடங்கவில்லை. கால அட்டவணையில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறது.

முதல்வர் பாத்திரமும் அப்படியே. செருப்புத் தைப்பவரின் மகனாய்ப் பிறந்து, இழிவுகளைத் தாண்டிப் படித்து, அந்த நாற்காலியில் அமர்ந்தவர். பரியனை அழைத்துத் தம் கதையைச் சொல்கிறார். கேட்கும்போது கண் நனைகிறது. ஆனால் அவர் தருவது என்ன? அறிவுரை, ஆறுதல், தம் வாழ்வின் எடுத்துக்காட்டு. நல்ல முதல்வர் வாய்த்ததால் அது கிடைத்தது. வாய்க்காத கல்லூரியில்? அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகிப் போனால்? தோழியும் முதல்வரும் நல்லவராய் அமைந்தது பரியனின் நற்பேறு. நற்பேற்றை நம்பி நடப்பது கல்வித்துறையாகாது.

சட்டக் கல்லூரியில் சட்டம் எங்கே?

இனி நம் மையக் குறைபாட்டுக்கு வருவோம்.

பரியன் படிப்பது சட்டம். அவன்மேல் நிகழ்த்தப்பட்டவை யாவும் குற்றங்கள். பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான அவன் தகப்பனார் கல்லூரிக்கு வருகிறார்; மாணவர் சிலர் அவர் வேட்டியை உருவி விரட்டுகின்றனர். பட்டியல் வகுப்பாரின் ஆடையைப் பலவந்தமாகக் களைவதும், பலர் காண இழிவுபடுத்துவதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் குற்றமென வகுக்கப்பட்டவை. அரசமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்ட 39-அ விதி, பணமில்லாமையால் நீதி மறுக்கப்படலாகாது என்பதற்காக இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. அதன் வழிவந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பெண்கள் முதலியோர்க்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை தருகிறது. வன்கொடுமைத் தடுப்புக்கான 1995-ஆம் ஆண்டு விதிகளோ, பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கு வந்து போகும் பயணச் செலவைக்கூட அரசே தரவேண்டும் என்கின்றன. வண்டிச் சத்தம் வரை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்!

இத்தனை இருந்தும் படத்தில் ஒரு வாய், ஒரே ஒரு வாய், அந்த மாணவனிடம் இதைச் சொல்லவில்லை. பேராசிரியர் சொல்லவில்லை, முதல்வர் சொல்லவில்லை, உடன் படிக்கும் நண்பன் சொல்லவில்லை. சட்டம் கரும்பலகையில் இருக்கிறது, தேர்வுத்தாளில் இருக்கிறது, அடிபட்டவன் அருகில் மட்டும் இல்லை. மருத்துவக் கல்லூரிக்குள் மாணவன் மயங்கி விழ, சுற்றி நிற்போர் எவரும் நாடி பிடித்துப் பார்க்காதது போன்ற காட்சி இது.

இதை இயக்குநரின் குறை என்பதா, நிறை என்பதா? இரண்டும் என்போம். நிறை, ஏனெனில் அவர் பொய் சொல்லவில்லை. திடீரென்று ஒரு வழக்கறிஞரை வரவழைத்து, நீதிபதியின் சுத்தியலால் தீர்வு தட்டிக் கொடுக்கவில்லை. அதே 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’, சென்னையிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞரின் போராட்டத்தால் கிடைத்த நீதியைக் காட்டிற்று. உண்மை வழக்கைத் தழுவிய அப்படத்தின் நம்பிக்கை நமக்கும் வேண்டும். ஆனால் அத்தகைய வழக்கறிஞர் உருவாகும் இடத்திலேயே சட்டம் ஊமையாக நிற்பதைக் காட்டியது ‘பரியேறும் பெருமாள்’ மட்டுமே.

குறை, ஏனெனில் அந்த ஊமைத்தன்மையைப் படம் கேள்விக்குள்ளாக்கவில்லை. இறுதியில், கொலைக்குத் துணைபோன தந்தையிடம் பரியன் பேசுகிறான். மன்னிக்கிறான் என்று சொல்ல முடியாது, விட்டுவிடுகிறான். இரு தேநீர்க் குவளைகளும் இடையே ஒரு பூவும் கொண்ட அந்தக் கடைசிக் காட்சியைப் புகழாதார் இல்லை. அழகிய காட்சி, ஐயமில்லை. ஆனால் சட்டம் பயிலும் ஒருவன், தன்னைத் தண்டவாளத்தில் கிடத்திய குற்றத்தைச் சட்டத்தின் முன் வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடியாவது தத்தளித்திருக்க வேண்டாமா? வைக்க வேண்டாம் என்று அவன் முடிவு செய்தால் அது அவன் உரிமை. அந்த வழி இருப்பதே நினைவுக்கு வராதது போல் கதை நகர்வதுதான் நம்மை உறுத்துகிறது. பொறுத்துக்கொள்ளும் ஒடுக்கப்பட்டவனைப் போற்றுவதில் மேட்டுக்குடி மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு. அந்த ஆறுதலுக்கு இடம் தந்துவிட்டது அக்காட்சி. படத்தைப் பாராட்டிய கைத்தட்டலில் ஒரு பகுதி அந்த நிம்மதியின் ஒலி என்று நாம் ஐயுறுகிறோம்.

“கலைக்குச் சட்டப் பிரிவு எதற்கு? கதை சொல்பவர் கையேடு எழுத வேண்டுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையேடு வேண்டாம். ஆனால் நம் இயக்கத்தின் எழுத்து எதை நம்பி வளர்ந்தது? மக்கள் மனத்தில் ‘இதற்கு வழியுண்டு’ என்ற எண்ணத்தைக் கலை விதைக்கும் என்பதை நம்பி. ஆனந்தனின் வாதத்தைக் கேட்ட உழவன் மறுநாளே வழக்குத் தொடுக்கவில்லை. ஆயினும் தொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டான். பரியனைக் கண்டு கலங்கும் மாணவனுக்கும் அந்தத் தெரிவு கிடைத்திருக்க வேண்டும். கண்ணீரைத் தந்த படம் ஒரு முகவரியையும் தந்திருந்தால் கலை கெட்டுப்போயிருக்காது.

தொலைவு ஒரு மருந்தா?

திரையை விட்டுச் சற்றே வெளியே வருவோம். ‘பரியேறும் பெருமாள்’ திரையிட்ட அதே 2018-இல்தான் சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, உயர்நீதிமன்ற வளாகத்தை அடுத்த தன் பழைய கட்டடத்தை விட்டு வெளியேறியது. ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும், மற்றொரு பகுதி கேளம்பாக்கம் பக்கத்துப் புதுப்பாக்கத்துக்கும் போயின. மாணவர் எதிர்த்தனர், மறியல் செய்தனர், மாற்றம் நின்றபாடில்லை.

காரணம் என்ன? 2008 நவம்பர் 12-இல் அவ்வளாகத்தில் சாதி அடிப்படையில் மாணவர் மோதிக்கொண்டனர். காவலர் பார்த்து நிற்க, கட்டைகளும் கத்திகளும் பேசிய கொடுமையைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. கல்லூரிப் பெயரில் அம்பேத்கர் பெயரை விடுத்து அச்சிட்ட சுவரொட்டியே அந்த மோதலுக்குப் பொறியானது. ஆராய அமைத்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. நோய் சாதி, மருந்து தொலைவு!

பழைய வளாகத்தில் பாடம் முடிந்த மாணவன் சில அடி நடந்தால் உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதைக் காணலாம். மூத்த வழக்கறிஞரிடம் மாலையில் வேலை பழகலாம். புறநகர் மின்தொடர், பேருந்து எல்லாம் காலடியில். மாநிலச் சட்டப்பணிகள் ஆணையமும் அதே வளாகத்தில். அப்பனுக்குச் சொத்தும் மாமனுக்கு வழக்கறிஞர் அலுவலகமும் உள்ள மாணவனுக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. அவனுக்கு வண்டி உண்டு, வழிகாட்டி உண்டு. இழந்தவன் யார்? பகுதிநேர வேலை பார்த்துப் படித்தவன். நீதிமன்றத்தைக் கண்ணால் பார்த்தே தொழில் கற்க வேண்டியவன். அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரியில் அம்பேத்கரைப் போன்றவனுக்கே வழி நீண்டது.

இதோடு வருகைப்பதிவையும் சேர்த்து எண்ணுங்கள். அகில இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 விழுக்காடு வருகை கேட்கின்றன. தக்க காரணமிருந்தால் 65 வரை தளர்த்தலாம். வாரம் ஐந்து நாளில் காலை வண்டி இரு நாள் தவறினால், முதல் மணிப் பாடத்தின் வருகை 60 விழுக்காடு. ஓட்டுநர் நிறுத்தாமல் போனது வருகைப்பதிவேட்டில் ஏறாது. மாணவன் வராதது மட்டும் ஏறும். பொடியன்குளத்துப் பெண் ஒருவேளை கல்லூரியில் சேர்ந்திருந்தாலும், நிற்காத வண்டி அவளைத் தேர்வறை வாயிலில் நிறுத்தியிருக்கும்.

செய்தவையும் செய்ய வேண்டியவையும்

நாம் குறை மட்டுமே பேசுபவர் அல்லோம். 2010-இல் கலைஞர் ஆட்சி, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை தந்தது. பரியன் போன்றோரின் தகப்பனார் பெருமூச்சில் பாதியைக் குறைத்த செயல் அது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல வழி பிறந்தது. வீட்டில் கையேந்தாமல் வெளியே செல்லும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்த ஆணை அது. இவை சிறியன அல்ல. ஆனால் கட்டணமில்லாப் பயணச்சீட்டு, வண்டி நின்றால்தானே பயன்படும்? கட்டணச் சலுகை, பாடம் புரிந்தால்தானே பட்டமாகும்?

ஆகவே இரு படங்களும் சேர்ந்து நமக்கு இடும் பணிகளை எழுதிவிடுவோம். கல்லூரி நேரத்துக்கேற்ற பேருந்தும், சேரியின் வாயிலில் நிற்கும் நிறுத்தமும் முதற்பணி. சட்டக் கல்லூரிதோறும் முதலாண்டு மாணவர்க்குத் துணைவகுப்பும், பேசும் தமிழில் எழுதிய சட்ட நூல்களும் இரண்டாம் பணி. 2006 திசம்பரில் நம் சட்டமன்றம் உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமெனத் தீர்மானம் இயற்றியது, தில்லி ஏற்கவில்லை. இராசத்தானம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மூடியிருக்கிறது. அக்கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம். அதுவரை வகுப்பறைக் கதவையாவது நாமே திறக்கலாம். அதற்குத் தில்லியின் இசைவு தேவையில்லை.

மூன்றாம் பணி எளிது, செலவும் இல்லை. சட்டக் கல்லூரி ஒவ்வொன்றும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டுமென்று அதே 2008 விதிகள் சொல்கின்றன. ஊராருக்கு உதவ மாணவரை அனுப்பும் அம்மையம், தன் மாணவனுக்கும் கதவைத் திறக்கட்டும். சேர்க்கை நாளிலேயே ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு தாள் கொடுக்கட்டும்: 12-ஆம் பிரிவு உனக்குத் தரும் உரிமை இது, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும் இடம் இது, அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 15100, கல்லூரிக்குள் இழிவு நேர்ந்தால் எழுத வேண்டிய ஆசிரியர் இவர். ஒரு பக்கத் தாள்! பரியன் கையில் அது இருந்திருந்தால், அவமானத்தைத் தனியே விழுங்க வேண்டியதில்லை என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். படிக்கும் தோழர்கள் அரசுக்குக் காத்திராமல், தத்தம் கல்லூரி மன்றங்களின் வழியே இத்தாளை அச்சிட்டு வழங்கத் தடை எதுவுமில்லை.

நான்காம் பணி நம் கலைஞர்களுக்கு. வழிமறிக்கப்பட்டவனின் வலியைக் காட்டிவிட்டீர்கள், வணங்குகிறோம். இனி அவன் எழுந்து, வண்டியேறி, வகுப்பு முடித்து, கருப்பு அங்கி அணிந்து, தன் தகப்பனின் வேட்டியை உருவியவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேட்கும் முதற்கேள்வியை எழுதுங்கள். ஆனந்தனுக்கு வேடம் தேவைப்பட்டது. பரியனுக்குத் தேவைப்படாது.

அப்படத்தின் பெயரில் ‘பி.ஏ., பி.எல்.’ என்பதையடுத்து ‘மேல ஒரு கோடு’ என்று வரும். படிப்பு இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு. மாணவன் தேர்வெழுதி அழிக்க வேண்டிய கோடு அது ஒன்றுதான். வண்டியை நிறுத்தாத ஓட்டுநரும், புரியாத மொழியில் ஓடும் பாடமும், கேட்க நாதியில்லாத அவமானமும் அதன்மேல் இழுத்த கோடுகளை அழிக்க வேண்டியவர் நாம்.